குதிரைக்கடியில் கிடந்த தளபதி

நேயர்களுக்கு வணக்கம்.

1815 ஜூன் 16. பெல்ஜியத்தில் லிக்னி என்கிற சிற்றூர். பொழுது சாய்கிற நேரம். நெப்போலியனின் தாக்குதலைத் தாங்க முடியாமல், பிரஷியா என்ற ஜெர்மானிய நாட்டுப் படையின் வரிசை உடைந்துவிட்டது. அதைத் தடுக்க, 72 வயதுத் தளபதி ஒருவர் தானே குதிரைப்படைக்கு முன்னால் நின்று பாய்கிறார். குதிரையின் மேல் குண்டு படுகிறது. அது சாய்கிறது, அவர் அடியில் சிக்கிக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பது நாஸ்டிட்ஸ் என்ற உதவி அதிகாரி மட்டும்தான். பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் அவர்களைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு விரட்டியடிக்கப்பட்டு அதே வழியாகத் திரும்பியும் வருகிறார்கள். நெஞ்சில் இருக்கும் பதக்கங்களைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமே! நாஸ்டிட்ஸ் தன் மேலங்கியை அவர்மேல் போட்டு மூடிவிட்டு, இருட்டில் காத்து நிற்கிறார்.

அடியில் கிடந்தவர் கெபார்ட் லெபரெக்ட் ஃபான் புளூஹர். பிரஷியப் படையின் ஃபீல்டு மார்ஷல். நான் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், வாட்டர்லூ போரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்: நெப்போலியனை வெலிங்டன் தோற்கடித்தார். வெலிங்டன் நமக்குத் தெரிந்தவர். திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர், குன்னூருக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஊரே இருக்கிறது. ஆனால் அன்று அந்தப் போர்க்களத்துக்குச் சேற்றில் நடந்து வந்து சேர்ந்த இன்னொரு படையைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. அந்தக் குறை இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இன்று புளூஹரைப் பற்றிப் பேச வந்தேன்.

இவர் பிறந்தது பிரஷியாவில் இல்லை. 1742 டிசம்பரில், பால்டிக் கடலோரத்து ரோஸ்டாக் நகரில். பதினைந்து பதினாறு வயதில் சேர்ந்ததும் சுவீடன் நாட்டுக் குதிரைப்படையில்தான், அதாவது பிரஷியாவின் எதிரிப் படையில். 1760இல் பிரஷியர்கள் அவரைப் பிடித்தார்கள். பிடித்த படைப்பிரிவின் தலைவர் பெல்லிங்குக்குப் பையனின் துடிப்பு பிடித்துப்போக, தன்னிடமே சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு பதவி உயர்வு விஷயத்தில் தன்னை விட்டுவிட்டு வேறொருவரை உயர்த்தினார்கள் என்று கோபித்துக்கொண்டு, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஃபிரெடரிக் மன்னர் சளைத்தவரா? ‘கேப்டன் புளூஹர் எக்கேடு கெட்டாவது போகட்டும்’ என்ற பொருளில் உத்தரவு போட்டு 1773இல் அனுப்பிவிட்டார். அந்த மன்னர் 1786இல் இறக்கும்வரை புளூஹருக்குப் படையில் இடமில்லை. நிலத்தை வைத்து விவசாயம் பார்த்தார். 1787இல் மேஜராகத் திரும்பியபோது வயது 44.

1806இல் நெப்போலியனின் படைகள் யேனா, அவர்ஸ்டெட் என்ற இரண்டு களங்களில் ஒரே நாளில் பிரஷியப் படையை நொறுக்கின. கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட்டன. புளூஹர் மட்டும் மிச்சமிருந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு வடக்கே லூபெக் வரை சண்டையிட்டபடியே போனார். கடைசியில் நவம்பர் 7ஆம் தேதி சரணடைந்தபோதும், ரொட்டியும் வெடிமருந்தும் இல்லாததால்தான் சரணடைகிறேன் என்று ஒப்பந்தத் தாளில் தன் கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தோல்வி அவரை உள்ளுக்குள் மிகவும் வாட்டியிருக்கிறது. 1808 வாக்கில் கடுமையான மனநோய் வந்தது. தன் வயிற்றுக்குள் யானை இருக்கிறது என்று நம்பியதாகக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையிலும் அவரை ஒதுக்காமல், ‘உள்ளே நூறு யானை இருந்தாலும் இவர்தான் படையை நடத்த வேண்டும்’ என்று ஷார்ன்ஹோர்ஸ்ட் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பிரஷியப் படையைத் திருத்தி அமைத்தவர் இந்த ஷார்ன்ஹோர்ஸ்ட். நோயாளியை நோயை மட்டும் வைத்துப் பார்க்காத அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

1813இல் பிரஷியா மறுபடி எழுந்தபோது புளூஹரிடம் சிலேசியப் படையை ஒப்படைத்தார்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட் காயம்பட்டு இறந்துவிட, புளூஹரின் படைக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரியாக அவர் இடத்துக்கு க்னைசனாவ் வந்தார். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புளூஹருக்குப் படிப்பு குறைவு, கடிதம் எழுதினால் எழுத்துப்பிழை மலியும். க்னைசனாவ் அவரைவிட 18 வயது இளையவர். கோல்பெர்க் கோட்டையை 1807இல் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவர், கணக்குப் போட்டுத் திட்டமிடுபவர். வயதும் பதவியும் கூடியவர் இளையவரிடம் இப்படி ஒட்டிக்கொள்வது அரிது. திட்டம் க்னைசனாவுடையது என்பதைப் புளூஹர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1814இல் லண்டன் போனபோது ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். ‘என்னை டாக்டர் ஆக்கினால் க்னைசனாவை மருந்து கலக்குபவர் ஆக்குங்கள், மாத்திரை உருட்டித் தருவது அவர்தானே’ என்றாராம்.

அந்த இரண்டு ஆண்டுகளின் போர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1813 ஆகஸ்ட் 26இல் காட்ஸ்பாக் ஆற்றங்கரையில் கொட்டுகிற மழை. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையாலும் ஈட்டிமுனையாலும் அடித்தே பிரெஞ்சுப் படையைப் பெருக்கெடுத்த ஆற்றுக்குள் தள்ளினார்கள். அக்டோபரில் லைப்சிக் போர். ‘முன்னே, முன்னே’ என்று எப்போதும் கத்துவதால் ரஷ்யச் சிப்பாய்கள் அவருக்கு வைத்த பெயர், ‘முன்னேறு மார்ஷல்’. புத்தாண்டு இரவில் காவுப் என்ற இடத்தில் ரைன் நதியைக் கடந்தார். 1814 பிப்ரவரி 10 முதல் 14 வரை ஐந்தே நாளில் நான்கு இடங்களில் நெப்போலியன் அவர் படையை அடித்து நொறுக்கினான். ஆனாலும் மார்ச் முடிவில், பிரஷியாவும் ரஷ்யாவும் சேர்ந்த கூட்டணிப் படைகள் பாரிஸில் இருந்தன. நெப்போலியன் பதவி இழந்தான், ஆனால் அடுத்த ஆண்டே திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்தான்.

சரி, லிக்னிக்குத் திரும்புவோம். தளபதியைக் காணவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. முடிவெடுக்க வேண்டியவர் க்னைசனாவ். கிழக்கே போனால் சொந்த நாட்டுக்கும் உணவுக் கிடங்குகளுக்கும் போகலாம். வடக்கே வாவ்ர் பக்கம் போனால் வெலிங்டனை விட்டு விலகாமல் இருக்கலாம். அவர் வடக்கைச் சொன்னார். இத்தனைக்கும் வெலிங்டன் மேல் அவருக்கு நம்பிக்கையே கிடையாது.

புளூஹரை இன்னொரு குதிரையில் ஏற்றி மெல்லரி என்ற ஊரில் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வீட்டில் ஹார்டிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி, லிக்னியில் இடது கையை இழந்து படுத்திருந்தார். 1844இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தவர் இவர்தான். ஆங்கிலேயரோடு சேர்வதா வேண்டாமா என்று நடந்த வாதம் அவர் காதில் விழுந்திருக்கிறது. க்னைசனாவ் தயங்க, சேர்ந்தே ஆக வேண்டும் என்று புளூஹர் அடம்பிடித்து வென்றார். காலையில் ஹார்டிஞ்சை அழைத்து, ‘என்மேல் கொஞ்சம் நாற்றமடிக்கும்’ என்று சொல்லிக் கட்டிக்கொண்டாராம். உடம்பெல்லாம் நசுங்கி, சாராயமும் பூண்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

18ஆம் தேதி காலை. வாட்டர்லூவில் வெலிங்டன் நெப்போலியனை எதிர்கொள்ளும் நாள். முந்தின இரவு மழையில் பாதையெல்லாம் களி. லிக்னியில் போரிடாத புதுப்பிரிவுதான் முதலில் போக வேண்டும், அதுவோ எல்லோரையும்விடத் தொலைவில் இருந்தது. போதாததற்கு வாவ்ர் தெருவில் தீப்பிடித்து வழி அடைபட்டது. லான் ஓடைப் பள்ளத்தில் பீரங்கி வண்டிகள் அச்சுவரை புதைந்தன. இனி முடியாது என்று சிப்பாய்கள் சோர்ந்தபோது புளூஹர் குதிரையிலிருந்து கெஞ்சினார்: ‘பிள்ளைகளே, வெலிங்டனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் சொல் தவற வேண்டும் என்றா நினைக்கிறீர்கள்?’

மாலை நாலரை வாக்கில் அவருடைய படை நெப்போலியனின் வலப்பக்கம் வெளிப்பட்டது. பிளான்செனுவா கிராமம் கைமாறிக் கைமாறிப் பிடிபட்டது. அந்தச் சில மணி நேரத்தில் பிரஷியர் இழப்பு சுமார் 7,000 பேர். பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்குள் இவர்கள் யாருமே இல்லை.

போர் முடிந்து, ஓடுகிறவர்களைத் துரத்தும் வேலை. புளூஹரால் அதற்குமேல் முடியவில்லை. ஜெனாப் என்ற ஊரில் படுத்துவிட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1819 செப்டம்பரில், சிலேசியாவில் தன் பண்ணையில் காலமானார். ஆனால் அந்த ஜூன் இரவில் துரத்தலை நடத்தியது க்னைசனாவ். அவர் ஆட்களும் சோர்ந்து விழ, கடைசியில் ஒரு முரசுக்காரனைக் குதிரைமேல் ஏற்றி முரசை அடிக்கவிட்டார். பின்னால் ஒரு காலாட்படையே வருகிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். நிலா வெளிச்சத்தில் அந்த முரசுச் சத்தம் கேட்கக் கேட்க ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

வணக்கம்.