தடுக்கும் ஆன்டிபாடிகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உறுப்பு மாற்று சிகிச்சையில் ஆன்டிபாடி, அதாவது அந்நியமானவற்றோடு ஒட்டிக்கொள்ள உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், என்றாலே எதிரி என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1969இல் பட்டேலும் டெரசாக்கியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொடையாளியின் செல்களைக் கொல்லும் ஆன்டிபாடி ஏற்கெனவே ரத்தத்தில் இருந்தவர்களுக்குப் பொருத்திய 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. அது இல்லாதவர்களுக்குப் பொருத்திய 195இல் எட்டுதான் அப்படிப் போயின. அப்படிப்பட்ட ஆன்டிபாடி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனை கட்டாயமானதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் அதே சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், எதிர்ப்பைத் தடுத்துக் காப்பாற்றும் ஆன்டிபாடிகளும் இருக்கலாம். இன்று நான் பேச வந்தது அவற்றைப் பற்றித்தான்.

சோதனைக்கூடத்தில் இருவருடைய லிம்போசைட்டுகளை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை, சோதனைத் தட்டின் ஒரே குழியில் சேர்த்து வளர்ப்போம். ஒருவருடைய செல்கள் பெருகாதபடி முதலிலேயே கதிர்வீச்சு கொடுத்துவிடுவோம். மற்றவருடைய செல்கள் அவற்றை அந்நியம் என்று கண்டுகொண்டு, ஐந்தாறு நாளில் மளமளவென்று பெருகும். புது டி.என்.ஏ. உருவாக்கச் செல்களுக்குத் தேவைப்படும் தைமிடினைக் கதிரியக்க வடிவில் கொடுத்து, அதை எவ்வளவு உள்வாங்கின என்று அளந்தால் பெருக்கம் தெரிந்துவிடும். கதிர்வீச்சு பெற்றவை ஒரு தந்தையின் செல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிள்ளைகளைப் பெற்ற தாயின் சீரத்தைக் குழியில் விட்டால், சில சமயம் அந்த அளவு சரசரவென இறங்கிவிடும். கர்ப்ப காலத்தில் தந்தைவழி எச்.எல்.ஏ. புரதங்களுக்கு, அதாவது செல்களின் மேலிருந்து ஆளை அடையாளம் காட்டும் புரதங்களுக்கு, எதிராக அந்தத் தாயின் உடலில் உண்டான ஆன்டிபாடிகள், இங்கே அதே புரதங்களின் மேல் ஒட்டிக்கொண்டு, எதிர்த்தரப்புச் செல்களின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1973இல் ஓபெல்ஸ் குழுவினர் இன்னொன்றைக் கவனித்தார்கள். அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் நீண்ட காலம் நிலைத்தது. தடுக்கும் ஆன்டிபாடிகள் உண்டானதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. பிறகு வேண்டுமென்றே ரத்தம் ஏற்றும் வழக்கமும் வந்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வந்ததும் அது மெல்ல மறைந்தது. மருந்து கிடைத்த நிம்மதியில் அந்தக் கேள்வியின் மேல் இருந்த ஆர்வமும் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ரத்தம் ஏற்றுவதிலும் கர்ப்பத்திலும் கொல்லும் ஆன்டிபாடிகளும் உருவாகலாம். எது உருவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்கள் பழைய பிரசவம், கருச்சிதைவு, ரத்தம் ஏற்றியது எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். காத்திருக்கும்போது புதிதாக ரத்தம் ஏற்றினால் அதையும் உடனே தெரிவியுங்கள். சீரத்தை மறுபடி பரிசோதிக்க வேண்டியிருக்கும்.