ஒரு முழம் பூவும் ஒரு நூறு ரூபாய் நோட்டும்

வணக்கம். சமையலறையில் கைவேலையோடு வானொலி கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும், வண்டியில் போய்க்கொண்டே கேட்பவர்களுக்கும் வணக்கம்.

நம் மொரீஷியஸில் இது பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படும் காலம். ப்ளேசான்ஸ் விமான நிலையத்துக்கு இந்த நாட்களில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால் வழியனுப்ப மூன்று கார் நிறைய ஆள் வரும். பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், கோவில் சங்கத்துக்காரர். ஊறுகாய் போத்தல் உடையாமல் இருக்க மூன்று துண்டு சுற்றி வைத்திருப்பார்கள். பிள்ளை உள்ளே போன பிறகும் அரை மணி நேரம் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

நான் பதினெட்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் வருவார்கள். "மிஸ், என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் பெட்டியைப் பற்றித்தான் கவலை. நான் அவர்களிடம் பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. போய் இறங்கிய முதல் ஏழு நாளில் வாயைத் திறந்து தமிழ் பேசுவதைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு உங்களிடமும் அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

2003 ஜூலையில் நான் போனேன். ஜூலை நமக்குக் குளிர்காலம், அப்போது என் ஊர் கியூர்பிப் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூறல், பனிமூட்டம், துணி காயாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டவள், சென்னையில் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆண்டு அங்கே தண்ணீர்ப் பஞ்சம். திருவல்லிக்கேணியில் நான் தங்கிய விடுதிக்கு எதிரே விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் தெரு நீளத்துக்கு வரிசையாக இருக்கும். முதல் நாள் காலை என்னை எழுப்பியது அந்தக் குடங்களின் சத்தமும் பெண்களின் பேச்சும்தான். சன்னல் ஓரம் நின்று கேட்டேன். பேசுவது தமிழ். ஆனால் எனக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை.

நான் ஆரம்பப் பள்ளி முதல் பள்ளியிறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி. வரை பதின்மூன்று வருடம் தமிழ் படித்தவள். திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். சன்னல் ஓரத்தில் நின்று அழுதேன்.

ஏன் புரியவில்லை? இதை நம் பெற்றோர்கள் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் பேசுவது க்ரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் பேச்சுமொழி. தமிழ் நமக்குப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தின் வழியாக வருகிறது, கோவிலில் தேவாரமாக வருகிறது. அதனால் நம் பிள்ளைக்குத் தெரிந்தது எழுத்துத் தமிழ். "அங்கே இருக்கிறது" என்று நாம் படித்திருக்கிறோம். திருவல்லிக்கேணித் தெருவில் அது "அங்க கீது". "எவ்வளவு வேண்டும்" என்று நாம் படித்தது அங்கே "எத்தினி வோணும்". இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை, சொல்லிக்கொடுத்தவர் குற்றமும் இல்லை. என்னோடு அறையில் இருந்த பெண் திருநெல்வேலிக்காரி. "எனக்கே இந்த ஊர்ப் பேச்சு பிடிபட ஒரு மாசம் ஆச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சரி, புரியாதது ஒரு பக்கம். அதைவிட வலித்தது இன்னொன்று. நாம் வாயைத் திறந்து நம் தமிழில் கேட்டால், பதில் ஆங்கிலத்தில் வரும்! இதுதான் ஆபத்து. அவர்கள் நமக்கு உதவுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு தடவை, மூன்று தடவை இப்படி ஆனால் பிள்ளை மனம் விட்டுப்போகும். அப்புறம் ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். அப்படி ஆங்கிலத்துக்குப் போய்விட்ட பிள்ளை மூன்று வருடம் சென்னையில் இருந்துவிட்டு, போனபோது இருந்த அதே தமிழோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல, பல பிள்ளைகளை.

எனக்கு அது பூக்கடையில் நடந்தது. கடை என்றால் கடை இல்லை. பார்த்தசாரதி கோவில் மாட வீதியில், ஒரு மரப்பெட்டியின் மேல் ஈரத்துணி விரித்து, அதில் பூ வைத்து விற்கும் ஒரு அக்கா. முதல் நாள் மாலை ஐந்து மணிக்குப் போய், "இந்த மல்லிகைச் சரம் என்ன விலை?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஃபைவ் ருப்பீஸ் மேடம்" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அதே நேரம் அதே இடத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் "ஃபைவ் ருப்பீஸ்". அன்றைக்கு நான் நகரவில்லை. "அக்கா, எனக்குத் தமிழ் தெரியும். தயவுசெய்து தமிழிலேயே சொல்லுங்கள்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, டிவில நியூஸ் படிக்கிறாப்ல பேசுற? சிலோனா நீ?" என்றார். மொரீஷியஸ் என்றேன். "அது எங்க கீது?" என்றார். கடற்கரை அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். அந்தப் பக்கம் கையைக் காட்டி, "கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தீவு" என்றேன். "அங்க தமிழ் ஆளுங்க கீறாங்களா?" என்று கேட்டுவிட்டு, அரை முழம் கூடப் போட்டுக் கொடுத்தார்.

முழம்! இந்தச் சொல்லை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒரு பெண் தன் கையை மடக்கிப் பூச்சரத்தை முழங்கை முதல் விரல் வரை பிடித்து அளந்து வெட்டுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் "ரெண்டு மொழம் குடுங்கக்கா" என்று நானே கேட்டேன். நான்காம் நாள் நான் வருவதற்கு முன்பே இரண்டு முழம் அளந்து வாழை இலையில் கட்டி வைத்திருந்தார். "நீ பேசுறது நல்லாத்தான் கீது. பயப்படாம பேசு" என்றார். எனக்கு எந்தப் பேராசிரியர் சொன்னதும் அவ்வளவு பலம் தரவில்லை.

சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள், நல்ல கூட்டம். என்னை ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொல்லி, பூவை இலையில் மடித்துக் கொடுக்கும் வேலையைத் தந்தார். கூட்டம் ஓய்ந்த பிறகு காசு கொடுக்கப் பணப்பையைத் திறந்தேன். உள்ளே நம் ஊர் நூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. "அது இன்னா நோட்டு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம். உங்கள் பையில் நூறு ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருக்கும், அதற்குப் பிறகு இந்தி. 1998-இல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் ஆட்கள் எழுந்து நின்றதும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும், 1999 நோட்டுகளில் பழைய வரிசை வந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இளையவர்களுக்கு வீட்டில் சொல்லுங்கள்.

அந்த அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நோட்டைத் தெருவிளக்கின் பக்கம் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "நூ... று..." என்னைப் பார்த்தார். "உங்க ஊரு காசுல நம்ம எழுத்தா?" பக்கத்தில் தேங்காய் விற்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வெற்றிலைக்கடைப் பெரியவரும் வந்தார். நோட்டில் இருக்கும் மனிதர் யார் என்று கேட்டார்கள். எங்கள் ஊர்த் தமிழர், வழக்கறிஞர், அரசியல் தலைவர், 1958-இல் காலமானார், பெயர் ரெங்கநாதன் சீனிவாசன் என்றேன். அக்கா கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரெங்கநாதர் உள்ளாற படுத்துனு கீறாரு. சீனிவாசனும் அவருதான். ரெண்டு பெருமாள் பேரும் ஒரே ஆளுக்கு!" அந்தக் கோவிலில் ரெங்கநாதருக்குத் தனிச் சன்னிதி உண்டு. நோட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "ஊரு காசு, செலவு பண்ணாத, வச்சிக்க" என்றார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன். புறப்படும் பிள்ளைகளே, முதல் வாரம் ஊர் சுற்றிப் பார்க்கும் வாரம் இல்லை. மெரினா எங்கும் போய்விடாது. ஒரே ஒரு கடையைப் பிடியுங்கள். டீக்கடையோ, பூக்கடையோ, இஸ்திரி போடுகிற இடமோ, எதுவாகவும் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். தமிழில் மட்டும் பேசுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் தமிழிலேயே தொடருங்கள். மறுபடியும் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரே கடை, ஒரே நேரம், தமிழ் மட்டும். லண்டனுக்கோ பாரிசுக்கோ போகிற பிள்ளைக்கும் இதே யோசனைதான், மொழி மட்டும் வேறு.

அடுத்து இனிஷியல். கல்லூரி அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது "இனிஷியல் என்ன?" என்பார்கள். அங்கே அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்கு முன்னெழுத்து. நமக்கு அப்படி இல்லை. என் பெயரின் பின்னால் இருப்பது அதே மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோர் ஒருவரின் பெயர். இங்கே பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. என் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே கடைசிப் பெயர் இருப்பதை அந்த எழுத்தரால் ஏற்க முடியவில்லை. படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஆகவே, பிறப்புச் சான்றிதழில் நான்கைந்து நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போவதற்கு முன் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்ற ஆவணங்களில் உங்கள் முன்னோரைத் தேடிப் பாருங்கள். எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பதில் இருக்கும். கட்டாயம் கேட்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதி எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடமாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாணவர் விசாவில் நீண்ட படிப்புக்குப் போகிறவர்கள், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சின தண்ணீர் மட்டும் குடியுங்கள். பெற்றோர்களே, அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. இங்கே இரவு பத்தரைக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு.

இன்னும் ஒன்று. முதல் ஞாயிற்றுக்கிழமை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "என்ன சாப்பிட்டாய்?" என்று க்ரியோலில் கேட்டார்கள். அன்று காலை காய்கறிக் கடையில் காதில் விழுந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா, நாம் பிபங்காய் என்கிறோமே, இங்கே அது பீர்க்கங்காய். முரூம் முருங்கை. கோத்தோமிலி கொத்தமல்லி. கரிப்புலே கறிவேப்பிலை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று "அம்மா? அம்மா?" என்றேன். "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் சொல்" என்றார்கள்.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.