கிரிக்கெட் பையில் குதிரை மணம்

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும், இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வழக்குக்கு வருகிறேன்.

குதிரை ஏறும் பதின்ம வயதுப் பையனின் மனத்தை அதிகம் நோகடிப்பது பள்ளிக்கூடத்துக் கேலியா, வீட்டாரின் பேச்சா என்பது தலைப்பு. வீட்டாரின் பேச்சே என்று வழக்காட வந்திருக்கிறோம். லண்டனில் எத்தனை தமிழ்ப் பையன்கள் குதிரை ஏறுகிறார்கள், இதற்கொரு பட்டிமன்றமா என்று வாசலில் ஒருவர் கேட்டார். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் ஒருவன் ஏறுகிறான், அவனுக்கு 14 வயது, சனிக்கிழமைக் காலை வகுப்பில் 11 பெண்பிள்ளைகளுக்கு நடுவே அவன் ஒருவன்தான் பையன் என்பது மட்டும் தெரியும்.

எதிரணியின் முதற் பேச்சாளரான தங்கை, பள்ளிக்கூடத்தில் நடப்பதை மிக உருக்கமாக எடுத்துச் சொன்னார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கப்போவதில்லை. என் மகன் வகுப்புக்குள் நுழையும்போது பின்வரிசையிலிருந்து குதிரைக் கனைப்பு எழுந்த நாட்கள் உண்டு. உன் குதிரையின் வாலுக்கு இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினாயா என்று கேட்டார்கள். நீ பெண்களோடு சேர்ந்து பெண்ணாகிவிட்டாய் என்றார்கள், ஆண்களைத்தான் விரும்புகிறாயோ என்றும் கேட்டார்கள். அப்படி விரும்புவது இழுக்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் நெஞ்சில் இருப்பதை அவன் ஏறும் விலங்கைப் பார்த்துக் கணித்துவிடும் துணிச்சலைத்தான் சொல்கிறேன். இவ்வளவும் நடந்தபிறகும் அவன் மாலையில் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், சனிக்கிழமை விடியுமுன் எழுந்து காலணியைத் துடைத்தான். பள்ளிக்கூடத்துக் கேலியால் அந்தக் காலணியை ஒளிக்க முடியவில்லை. அதை ஒளிக்க வைத்தவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை, எனக்கு அண்ணன் முறையான ஒருவர் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, "எங்கை தம்பியைக் காணேல்லை?" என்று கேட்டார். குதிரை ஏறப் போயிருக்கிறான் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். ஆனால் போன பொங்கலுக்கு அவரே என் மகனைப் பார்த்து, "பொம்பிளைப் பிள்ளையளோடை என்னடா உனக்குக் குதிரை ஓட்டம்?" என்று கேட்டதும், சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. "அதை விட்டிட்டான் அண்ணை, இப்ப கிரிக்கெட்டுக்குப் போறான்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "அதுதானே, ஆம்பிளைப் பிள்ளை எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் பின்கதவடியில் ஒரு சிறு சத்தம் கேட்டது. சேற்றுக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என் மகன் நின்றுகொண்டிருந்தான். அவன் எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அவனைக் குதிரைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். காரின் பின்கதவைத் திறந்து அவனுடைய பொருட்களை எடுக்கக் குனிந்தேன். உள்ளே ஒரு நீளமான கிரிக்கெட் பை இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் நான் ஆசையோடு வாங்கிக் கொடுத்து, அவன் ஒருமுறைகூடத் தூக்காமல் கராஜில் தூசி படிந்து கிடந்த பை அது. பை மாறி எடுத்து வந்துவிட்டான் என்று எண்ணித் திறந்தேன். மட்டை வைக்கும் இடத்தில் சவுக்குக் கோல் இருந்தது. கால்காப்பு வைக்கும் இடத்தில் முழங்கால்வரை நீண்ட காலணிகள் இருந்தன. அவற்றின்மேல் தலைக்கவசம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏன் இதில் வைத்தாய் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "ஆராவது வழியிலை கண்டாலும், அப்பா சொன்னது பொய்யாகாதுதானே" என்றான்.

கனைத்துக் காட்டிய பையன்கள் எவருக்காகவும் என் மகன் தன் காலணியை ஒளிக்கவில்லை. தகப்பன் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒளித்தான். பள்ளியில் ஆறு மணி நேரக் கேலி, வீட்டில் அரை மணி நேரப் பேச்சு, இரண்டில் எது பெரிது என்று தங்கை கணக்குக் கேட்டாரே, என் பேச்சு அரை நிமிடம்கூட இல்லை. அதைச் சுமக்க அவனுக்கு ஒரு பை தேவைப்பட்டது.

இனி எதிரணித் தலைவருக்கு வருகிறேன். அவர் இந்த மேடையிலேயே ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "குதிரை ஓடுகிறது, பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், இது ஒரு விளையாட்டா? பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்குக்குப் பையனை அனுப்பினால் ஊர் சிரிக்காதா?" என்றார். இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்கிறார். ஐயா, யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவர் நீங்கள். சவாரித் திடலில் மாடுதானே ஓடுகிறது, வண்டியில் நிற்பவர் சும்மா நிற்கிறார் என்று அங்கே ஒருமுறை சொல்லியிருந்தால், திடலைவிட்டு முழுசாக வீடு திரும்பியிருப்பீர்களா? காலை ஏழு மணிக்குத் தொட்டித் தண்ணீரின்மேல் பிடித்த பனிக்கட்டியை உடைப்பதில் என் மகனின் சனிக்கிழமை தொடங்குகிறது. கவைக்கோலால் சாணி வாரி, தள்ளுவண்டியில் ஏற்றி, குவியலில் கொட்டிவிட்டு வருவான். பிறகு 500 கிலோ எடையுள்ள அந்தப் பழுப்புக் குதிரையின் பக்கத்தில் தோளைச் சாய்த்து நின்று, அதன் காலைத் தடவிக்கொண்டே போய், குளம்பைத் தூக்கி மடியருகே பிடித்து, உள்ளே சிக்கிய கல்லையும் மண்ணையும் கொக்கியால் கிளறி எடுப்பான். கொக்கி குதிகாலிலிருந்து முன்னோக்கித்தான் போக வேண்டும், நடுவிலுள்ள மெத்தென்ற சதையில் பட்டுவிடக் கூடாது. சேணம் வைத்து வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அதை நம்பி ஏறினால் சேணம் சரிந்து மனிதன் கீழே விழுவான். ஆகையால் குதிரையைச் சில அடி நடத்திப் போய், மறுபடியும் பட்டியை இறுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான், தலைவர் சொன்ன அந்த உட்காரும் வேலை ஆரம்பமாகிறது. துள்ளுநடையில் குதிரையின் முதுகு இரண்டு தாளமாக எழும்; ஒன்றில் எழுந்து மற்றதில் அமர வேண்டும், அமர்வது குதிரைக்கு நோகாமலும் இருக்க வேண்டும், தொடையும் வயிறும் உழைக்கும்போது கடிவாளம் பிடித்த கை மட்டும் அசையாமல் இருக்க வேண்டும்.

அடுத்து, பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்கிறார். இந்தப் பேச்சுக்கு வயதே அதிகமில்லை. 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெரும்பாலும் படை அதிகாரிகளான ஆண்களைத்தான் பார்க்க முடியும். நாம் வாழும் இந்த லண்டனில் 1948இல் நடந்த ஒலிம்பிக்கில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி தரத்தவர் அல்லர், சார்ஜன்ட்தான் என்று பின்னர் தெரிந்ததும் பதக்கத்தையே பறித்தார்கள். பெண்களுக்கு 1952இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஒரே ஒரு பிரிவில். அந்த முதல் வருடமே டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்த நிலையில், பிறர் தூக்கி ஏற்றிவிடக் குதிரையேறி, ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். படையிலிருந்தும் வயலிலிருந்தும் இயந்திரங்கள் குதிரையை வெளியேற்றிய பிறகு, இந்த நாட்டில் அதை அன்போடு தேய்த்து, தீனி வைத்து, தக்கவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் செய்வதாலேயே ஒரு வேலை சிறுத்துப்போகும் என்று சொன்னால், அந்தச் சொல் என் மகனைத் தாண்டி, முன்வரிசையில் இருக்கும் உங்கள் மகள்களின்மேலும் விழுகிறது என்பதைத் தலைவர் கவனிக்க வேண்டும்.

ஆணும் பெண்ணும் பிரிவினை இல்லாமல் ஒருவரோடொருவர் மோதும் ஒலிம்பிக் விளையாட்டு இது. 58 வயதில் ரியோவில் தனிநபர் தங்கம் வென்ற நிக் ஸ்கெல்டன் 2000இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா 41 வருடங்களுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் தங்கம் வென்றபோது, அந்த அணியில் இரண்டு இளைஞர்களும் இரண்டு இளம்பெண்களும் சமமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான அனுஷ் அகர்வல்லா தனியாக வெண்கலமும் வென்று, அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார்.

நம் வீட்டுக்குள்ளும் பாருங்கள். வேட்டைத் திருவிழாவில் முருகப்பெருமான் குதிரை வாகனத்தில் வெளிவீதி வரும்போது கைகூப்பிக் கண்ணீர் விடுகிறோம். மரக்குதிரையில் வரும் பிள்ளைக்குக் கற்பூரம் ஏற்றும் கையால்தானே, உயிர்க்குதிரையில் வரும் பிள்ளையைச் சுட்டிக் காட்டிச் சிரிக்கிறோம்?

நடுவர் முதல் மணியை அடித்துவிட்டார். அந்தக் கிரிக்கெட் பையின் மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அனுமதியுங்கள்.

கார்த்திகை மாதத்தில் என் மாமியார் எங்களோடு தங்க வந்தார். வயது 81. அவரிடமும் கிரிக்கெட் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் பேரனின் உடுப்புகளைத் தோய்க்கப் போடலாம் என்று அவர் அந்தப் பையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். முதுகு பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடிப் போனேன். "தம்பி, இதுக்குள்ளை குதிரை மணக்குதெல்லோ" என்றார்.

அவர் நெடுந்தீவில் பிறந்தவர். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் அந்தத் தீவில், போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளியில் காடாகத் திரிகின்றன. லாயத்தின் கல்தூண்கள் சிதைந்து நிற்கின்றன. கோடையில் குளங்கள் வற்றும்போது அந்தக் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகும். அந்த நாட்களில் தன் தகப்பன் தோட்டத்துக் கிணற்றில் இறைத்து, முருகைக்கல் வேலிக்கு வெளியே தொட்டியை நிரப்பிவிட்டு வருவார் என்றும், சிறுமியான தான் வேலிக்கு இந்தப் பக்கம் ஒளிந்திருந்து அவை குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் அன்று சொன்னார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவிகூட அந்தக் கதையைக் கேட்டதில்லை.

மாலையில் மகன் பள்ளியிலிருந்து வந்தான். பை திறந்து கிடப்பதைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது. கனைத்த பையன்களும், சாப்பிட வந்த பெரியப்பாவும், பெற்ற நானும், ஏன் உனக்கு இது என்றுதான் அவனிடம் கேட்டிருந்தோம். அம்மம்மா அவனை அருகில் கூப்பிட்டார். "உன்ரை குதிரைக்கு நல்லாத் தண்ணி வைக்கிறவையோ, ராசா?" என்று கேட்டார். குதிரையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் அவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினான். அதற்குக் காய்ச்சல் வந்த கதை, வயது 19 ஆனதால் மெல்ல ஏற வேண்டிய கதை, இடது காதைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் கதை என்று இரவுச் சாப்பாடு ஆறும்வரை பேசினான். அவன் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மம்மாவும் எங்களோடு வந்தார். சேலையின்மேல் என் மனைவியின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, சேற்றில் என் கையைப் பிடித்து நடந்து போய் லாயத்தின் அரைக்கதவடியில் நின்றார். மகன் ஒரு காரட்டை உடைத்து அவர் கையில் வைத்தான். "விரலை மடக்காதேங்கோ அம்மம்மா, உள்ளங்கையை நல்லா விரிச்சுப் பிடியுங்கோ" என்று சொல்லி, நடுங்கிய அந்தக் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினான். குதிரை குனிந்து, உதட்டால் காரட்டை எடுத்தது. அவர் கையை இழுக்கவில்லை. அது கடித்துத் தின்று முடிக்கும்வரை, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. வணக்கம்.