முழங்காலுக்குக் கீழே கேமரா
(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். செம்பனைக்குள் இரவில் ஓடும் புள்ளிப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சிறுத்தைப் பூனை, மலாயில் கூச்சிங் பத்து. எலிக்காகத் தோட்டத்துக்குள் வருகிறது; பகலில் படுக்க அதற்குப் பக்கத்தில் காடு வேண்டும். அதனால் அதைப் படமெடுக்கத் தோட்டத்தின் நடுவில் தேடாதீர்கள். காட்டோரத்து மட்டைக் குவியல்களையும், வாய்க்கால்மேல் போட்ட பலகைகளையும் பாருங்கள். சேற்றில் நான்கு விரல் பதிந்து நகம் தெரியாவிட்டால் பூனை. ஐந்து விரல் என்றால் பெரும்பாலும் மூசாங், அதாவது புனுகுப்பூனை.

விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைப் புலிக்குக் கட்டும் உயரத்தில் கட்டினால் பூனை அடியிலேயே போய்விடும். தரையிலிருந்து 25 முதல் 35 செ.மீ. உயரமும், பாதையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தூரமும் சரி. கட்டிய பிறகு குந்தியபடி முன்னால் நகர்ந்து சோதியுங்கள். நிமிர்ந்து நடந்து சோதிப்பது வீண்.

அதன் உணரி, சுற்றுப்புறத்தைவிட வெப்பம் வேறுபட்ட ஒன்று நகர்வதைத்தான் உணர்கிறது. நம்மூர்ச் சூட்டில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். சின்னப் பிராணி தள்ளிப் போனால் படம் விழாது. ஆனால் வெயிலில் காய்ந்த லாலாங் புல் ஆடினால் நினைவக அட்டை முழுக்க வெற்றுப் படம்! முன்னால் உள்ள புல்லை வெட்டுங்கள். கேமராவைக் கிழக்கு மேற்காகத் திருப்பாதீர்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள், எறும்பு குடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கிட்டத்தில் பட்டால் படத்தில் பூனை வெளுத்துவிடும், புள்ளி தெரியாது. விளக்குகளில் பாதியை டேப் ஒட்டி மறையுங்கள். ஒவ்வொரு பூனைக்கும் புள்ளிக்கோலம் வேறு. ஒரே பூனைக்கே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்காது. அடையாளம் காண இரண்டு கேமரா வேண்டும். ஒன்றின் ஒளி மற்றதில் விழாதபடி சற்று விலக்கிக் கட்டுங்கள்.

கையில் கேமராவோடு போகிறவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் அனுமதி வாங்குங்கள். டார்ச்சில் மின்னுவதெல்லாம் பூனையல்ல; பக்கிக்குருவியின் கண்ணும் சிலந்தியின் கண்ணும்கூட மின்னும். 300 மி.மீ. லென்ஸ், எஃப் 4, 1/100 வினாடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். டார்ச் வட்டத்தின் விளிம்பு மட்டும் அதன்மேல் படட்டும். காதை மடக்கிப் பதுங்கினால் விளக்கை அணைத்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

மட்டைக் குவியலில் குட்டி கிடந்தால் தூக்காதீர்கள். தாய் இரைதேடப் போயிருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி இது முழுப் பாதுகாப்புள்ள விலங்கு. வீட்டில் வளர்ப்பது குற்றம். தாய் திரும்பவில்லை என்று உறுதியானால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

படத்தை வெளியிடுமுன் அதிலுள்ள இடத்தகவலை அழித்துவிடுங்கள். கண்ணி வைப்பவனும் அதைப் பார்ப்பான். தோட்டத்தின் பெயர் வேண்டாம், ‘சிலாங்கூர்’ என்று போட்டால் போதும்.