அம்மிக்கல்லுக்கு அரை டிக்கெட்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

நிலவுப் பாறையில் ஆக்சிஜனும் உலோகமும் எடுப்பது அவசியமா, ஆடம்பரமா? அவசியமே என்பது எங்கள் அணி. தலைப்பு கிடக்கட்டும். எனக்கு முன் பேசிய தம்பி கிண்டல் செய்தாரே: "சில்வர் பீச்சில் காற்று சும்மா வீசுகிறது, நாலு சிலிண்டரில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" நீங்களும் கைதட்டினீர்கள். கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்!

தம்பி, உங்களைப் போலவே எனக்கு ஒரு பெரியப்பா. மகளை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தார். சீர்வரிசையில் அம்மிக்கல் விட்டுப்போயிற்று. தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர், "லக்கேஜ் டிக்கெட் எடுங்கள்" என்றார். "மடியில் வைத்துக்கொள்கிறேனே, குழந்தை மாதிரி." "அப்படியானால் அரை டிக்கெட்!" அம்மிக்கு ஐயா, அரை டிக்கெட்! சேலத்தில் அடுத்த பஸ். அந்தக் கண்டக்டர் கேட்கிறார்: "குழந்தைக்கு என்ன வயது?" முதுகு ஒடிய நாமக்கல் போய்ச் சேர்ந்தார். சம்பந்திக்கு என்ன தொழில் தெரியுமா? கல் குவாரி! வாசல் முழுக்க அம்மி. பெண் கொடுக்கும்போதே தெரியும். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. சம்பந்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் மாமா, எங்கள் கல்லில் சட்னி அரைபடாதா?"

அதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான், சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது. அசல் நிலவு மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். சிலிக்கான், அலுமினியம், இரும்போடு பிணைந்து கிடக்கிறது. கால்சியம் குளோரைடு உப்பை 950 டிகிரியில் உருக்கி, மண்ணை இட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் பிரியும், உலோகம் மிஞ்சும். ஐரோப்பிய விண்வெளி முகமை செயற்கை நிலவு மண்ணை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறது. மூச்சு விட மட்டுமா? ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினில் ஒரு கிலோ ஹைட்ரஜனை எரிக்க ஐந்தாறு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதைத்தான் தம்பி சில்வர் பீச்சிலிருந்து சுமக்கச் சொல்கிறார்!

காற்று சும்மா கிடைக்கிறதா தம்பி? 2021 மே மாதக் கொரோனா மறந்துவிட்டதா? இதே ஊரில், கடற்காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. என் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் மூச்சுக்குத் திணறினார். அக்கா வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிலிண்டருக்காக ஆள் ஆளாகக் கேட்டாள். எங்களுக்குக் கிடைத்தது. பக்கத்துக் காரில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள் தம்பி, காற்று சும்மா என்று!

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கமே எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.