முந்நூறு பக்கத்தை வெட்டலாமா?

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தந்த தலைப்பு 'நீண்ட திகில் நாவல்களின் தகுதி'. நான்தான் மாற்றிக்கொண்டேன், மன்னிக்கவும். ஆயிரம் பக்கத் திகில் நாவலைப் படித்த இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் தகுதி என்ற சொல்லே அங்கே வராது. ஒருவர், "நல்ல புத்தகம்தாங்க, ஆனா ஒரு முந்நூறு பக்கத்தைக் குறைச்சிருக்கலாம்" என்று ஆரம்பிப்பார். அடுத்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதோடு அன்றைய சாயங்காலம் போச்சு. எனக்கு வேடிக்கையாக இருப்பது அந்த எண்தான். அறுநூறு பக்க நாவலுக்கும் முந்நூறு, ஆயிரத்து நூறு பக்க நாவலுக்கும் முந்நூறு.

நானும் வெகுகாலம் வெட்டுக் கட்சிக்காரன். ஒரு தடவை நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். புத்தகம், அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்', என்னுடைய பிரதி. ஒரு கொள்ளைநோயில் உலகமே அழிந்த பிறகு மிஞ்சியவர்களின் கதை. ஆளுக்கு ஒரு நிறப் பென்சில். எந்தப் பக்கம் வேண்டாம் என்று தோன்றுகிறதோ அதன் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு. முன்னால் படித்தவரின் கோட்டைப் பார்த்து மனம் மாறக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். அதை யாரும் காப்பாற்றியிருக்க மாட்டோம்.

அந்த நாவலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெட்டு என்பது அந்தப் புத்தகத்துக்கு நிஜமாகவே நடந்தது. 1978-ல் அது முதலில் வெளிவந்தபோது, கையெழுத்துப் படியிலிருந்து ஏறக்குறைய 400 பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குப் போனது. எழுத்து மோசம் என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய புத்தகத்தை அச்சடிக்கும் செலவு, போட வேண்டிய விலை, விற்கக்கூடிய பிரதிகள் என்று பதிப்பகத்தின் கணக்குப் பிரிவு போட்ட கணக்கு அது. யார் வெட்டுவது என்ற கேள்வி வந்தபோது, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று கிங் உட்கார்ந்து வெட்டினார். 1990-ல் பெரும்பாலானதைத் திரும்பச் சேர்த்து, 1,100 பக்கங்களைத் தாண்டிய பதிப்பாக மறுபடி வந்தது. கதை நடக்கும் ஆண்டையும் 1980-லிருந்து 1990-க்கு நகர்த்தினார்.

ஆக, ஒரே நாவல் இரண்டு உடம்போடு இருக்கிறது. எந்த உடம்பு நல்லது என்று ரசிகர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். பழைய பதிப்புக்காரர்கள், "அதில் ஓட்டம் இருந்தது" என்பார்கள். புதிய பதிப்புக்காரர்கள், "அதில் மனிதர்கள் இருக்கிறார்கள்" என்பார்கள். இரண்டும் உண்மை என்பதால்தான் சண்டை முடியவில்லை.

புதிய பதிப்பின் முன்னுரையில் கிங் ஒரு குறும்பு செய்திருப்பார். ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கை காட்டில் விடப்படும் அந்தப் பழைய கதையை எடுத்து, சுருக்கி, எலும்பை மட்டும் சொல்லிக்காட்டுவார். சம்பவம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிள்ளைகள் காட்டுக்குப் போகிறார்கள், சூனியக்காரி வருகிறாள், அடுப்பு வருகிறது, வீடு திரும்புகிறார்கள். ஆனால் அதைக் கேட்டு ஒரு குழந்தையும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாது.

பயமுறுத்துவதற்கு எதற்கு இத்தனை பக்கம் என்ற கேள்விக்கு நான் மனம் மாறிய இடத்தைச் சொல்கிறேன். அது வேறு புத்தகம். 1986-ல் வந்த 'இட்', முதல் பதிப்பு 1,138 பக்கம். ஏழு குழந்தைகள் ஒரு கோடைக்காலத்தில், கோமாளி உருவில் வரும் ஒரு கொடிய சக்தியை எதிர்கொள்கிறார்கள். இருபத்தேழு வருடம் கழித்து, ஊரோடு இருந்துவிட்ட ஒருவர் மற்ற ஆறு பேரையும் தொலைபேசியில் கூப்பிடுகிறார்: அது திரும்பி வந்துவிட்டது, வாருங்கள். ஆறு அழைப்புகள். முதல் அழைப்பு ஸ்டான்லிக்கு.

இதை எழுத ஒன்றரைப் பக்கம் போதும். கிங் என்ன செய்கிறார்? அந்த ஆளின் மனைவி பேட்டி வழியாக அவர்களுடைய மொத்தக் கல்யாண வாழ்க்கையையும் சொல்கிறார். எப்படிச் சந்தித்தார்கள், ஆரம்பத்தில் கையில் காசில்லாமல் எப்படி ஓட்டினார்கள், அவன் கணக்காளனாக எப்படி மேலே வந்தான், பிள்ளை இல்லாத வருத்தம், அவளுடைய பெற்றோரின் வாய். படிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். பேய்க்கதை வாங்கினோமா, குடும்பக் கதை வாங்கினோமா? பிறகு தொலைபேசி ஒலிக்கிறது. அவள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் பேசிவிட்டு வைக்கிறான். குளிக்கப் போகிறேன் என்று மாடிக்குப் போகிறான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இத்தனை பக்கம் அந்த ஆளோடு குடித்தனம் நடத்திவிட்டோம் இல்லையா, அவன் எவ்வளவு ஒழுங்கான ஆள் என்று நமக்குத் தெரியும். இந்த நேரத்தில் இவன் குளிக்க மாட்டானே! அவளுக்கு அது உறைப்பதற்கு முன்னால் நமக்கு உறைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குக் குடிக்க எடுத்துக்கொண்டு மேலே போகிறாள். கதவு பூட்டியிருக்கிறது. அவன் ஒருநாளும் பூட்டுகிறவன் இல்லை. உள்ளே குழாயிலிருந்து சொட்டுச் சத்தம். கூப்பிடுகிறாள், பதில் இல்லை. கீழே போய்ச் சாவியைத் தேடுகிறாள்.

உள்ளே என்ன என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள், படிக்காதவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பகுதியில் பேய் கிடையாது. ஒரு பூட்டு, ஒரு குழாய். வழக்கம் என்ன என்று காட்டாமல் வழக்கம் தப்பியதைக் காட்ட முடியாது. அந்த வழக்கத்தை நமக்குப் பழக்கிவிடத்தான் அத்தனை பக்கம்.

இதற்கு எதிர்க்கட்சியில் பெரிய வக்கீல் ஒருவர் உண்டு. எட்கர் ஆலன் போ, கவிதையும் திகில் சிறுகதையும் எழுதிய அமெரிக்கர். 1846-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியாத படைப்பில் உலக விவகாரங்கள் குறுக்கே வந்து அதன் முழுமையைக் கெடுத்துவிடும் என்றார். கவிதையைத்தான் முக்கியமாக மனதில் வைத்துச் சொன்னார். திகில் ரசிகர்கள் அதைக் கதைக்கும் இழுத்துக்கொண்டோம். போவின் கதைகளைப் படித்த எவரும் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. இருபது பக்கத்தில் கழுத்தைப் பிடித்துவிடுவார்.

ஆனால் அவர் குறையாகச் சொன்னதையே நீண்ட நாவல் முதலாக வைத்துப் பிழைக்கிறது என்பது என் கட்சி. ஆயிரம் பக்கத்தை இரண்டு மூன்று வாரம் வைத்துப் படிக்கிறோம். நடுவில் பாத்திரம் கழுவுகிறோம், வேலைக்குப் போகிறோம், யாருடனோ சண்டை போடுகிறோம். நேற்று ராத்திரி பேட்டியைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினோமே, அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். நம் வீட்டுக் குழாய் சொட்டினால் அவள் ஞாபகம் வருகிறது. உலக விவகாரம் கதையைக் கெடுக்கவில்லை, கதை உலக விவகாரத்துக்குள் கசிந்துவிட்டது.

இது இன்றைக்கு வந்த உத்தி இல்லை. 1897-ல் வந்த 'டிராகுலா'வில் முதல் நான்கு அத்தியாயத்துக்கு அப்புறம், ரத்தம் குடிக்கும் அந்தப் பிரபு நேரடியாக வருவதே அபூர்வம். அந்த நாவலில் எனக்குத் தூக்கம் போன இடம் அவர் கோட்டை இல்லை, லூசியின் படுக்கையறை. இரவில் அவர் ரத்தம் குடிக்கத் தேடி வரும் பெண் அவள். வான் ஹெல்சிங் என்ற மருத்துவர் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற, அவரை அண்டவிடாத பூண்டுப் பூக்களை அறை முழுக்க வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டுப் போகிறார். லூசியின் அம்மாவுக்கு இதய நோய் என்பதால் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்த அம்மாள் பெருமையாகச் சொல்கிறார்: அந்தப் பூவெல்லாம் ஒரே நெடி, பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று நானே எடுத்துப் போட்டுவிட்டேன், ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவைத்தேன். வான் ஹெல்சிங் அவர் முன்னால் முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறார். அவர் நகர்ந்ததும் உடைந்துபோகிறார். தாய்ப்பாசம் ஜன்னலைத் திறக்கிறது. அந்த அம்மாளை நாம் முன்பே அறிந்திருப்பதால் அவர்மேல் கோபம்கூடப் பட முடியவில்லை.

சரி, நம் கட்சியின் குற்றங்களையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் நீங்களே சொல்வீர்கள்.

ஒரு புதிய ஆள் வருகிறார். அவர் பள்ளிக்கூடம், முதல் காதல், முதலாளியிடம் வாங்கிய திட்டு, நாய்க்குட்டியின் பெயர் எல்லாம் நான்கு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் ஆள் காலி. முதல் தடவை மனசு வலிக்கிறது. மூன்றாவது தடவை வாசகன் விழித்துக்கொள்கிறான்: "ஓ, இவருக்கு நாய்க்குட்டி இருக்கிறதா, அப்போ செத்தார்!" வாழ்க்கை வரலாறே சாவு அறிவிப்பு ஆகிவிட்டால் அந்த நான்கு பக்கமும் தண்டம். வெட்டுக் கட்சியோடு நானும் சேர்ந்து கத்தரி பிடிப்பேன். கனவுக் காட்சிகளும் அப்படித்தான். ஒரு நாவலில் ஒரு கனவு தாங்கும்.

முடிவைப் பற்றிய புகார் இன்னும் பெரியது. கிங்கே 1981-ல் வந்த தன் கட்டுரை நூலில் இதைச் சொல்லிவிட்டார். வில்லியம் எஃப். நோலன் என்ற எழுத்தாளர் சொன்னதாக ஒரு கருத்தை எடுத்துக்கொள்வார்: மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதுதான் அதிக பயம். கதவைத் திறந்தால் பத்தடி உயரத்தில் ஒரு பூச்சி நிற்கிறது. வாசகன் அலறுகிறான், ஆனால் அந்த அலறலில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. பரவாயில்லை, நூறடி இருக்குமென்று நினைத்தேன்! இவ்வளவு தெளிவாக எழுதிய மனிதர், ஐந்து வருடம் கழித்து, ஆயிரத்துச் சொச்சம் பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே ஒரு பெரிய சிலந்தி. தெரிந்தே விழுந்த குழி. எந்தக் கூட்டத்தில் 'இட்' பற்றிப் பேசினாலும் ஒருவர் எழுந்து இந்தச் சிலந்தியைக் கேட்பார். அவருக்கு என்னிடம் பதில் கிடையாது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். சிலந்தியைத் திட்டுகிறவர்கள் அடுத்த வாக்கியத்தில் அந்த ஏழு பிள்ளைகளின் பெயரையும் மறக்காமல் சொல்வார்கள்.

இன்னொன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் அங்கே அதிகாரம் உள்ளவர். நான்கில் அணங்கு ஒன்றுதான் பேய்க் கணக்கு. மற்றதெல்லாம் பகலில் நடமாடுவது. 'இட்' படித்தவர்களைக் கேளுங்கள். அந்தக் கோமாளியைவிட, கத்தியோடு துரத்தும் ஹென்றி பவர்ஸும், மகளைக் கண்காணிக்கும் பெவர்லியின் அப்பாவும் அதிகமாக உறுத்துவதாகப் பலர் சொல்வார்கள். சிறுகதைக்கு அணங்கு மட்டும் போதும். மற்ற மூன்றையும் ஒரே ஊருக்குள் குடிவைக்க இடம் வேண்டும்.

அப்புறம், பென்சில் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று நிறமும் சேர்ந்து விழுந்த பக்கங்களை எண்ணினோம். எண்பது தேறவில்லை. கொள்ளைநோயில் பிழைத்தவர்கள் ஒன்றுகூடிக் குழு அமைத்து, கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றும் அத்தியாயங்கள் இருக்கின்றனவே, நான் அங்கே தயங்காமல் கோடு போட்டிருந்தேன். ஒரு நண்பர் அந்த இடத்தில் கோடே போடவில்லை. "எல்லாம் அழிஞ்ச பிறகும் மனுஷன் மினிட்ஸ் எழுதுறான் பாருங்க, அதுதாங்க எனக்கு இந்தப் புத்தகமே" என்றார். நான் மடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என் அளவுகோல் இப்போது உங்களுக்குத் தெரியும். பின்னால் தப்பப்போகும் ஒரு வழக்கத்தை இந்தப் பக்கம் எனக்குப் பழக்குகிறதா? ஆம் என்றால் இருக்கட்டும், இல்லை என்றால் போகட்டும். நல்ல அளவுகோல் என்றுதான் நினைத்திருந்தேன். முழுப் பதிப்பில் ஒரு அத்தியாயம் வருகிறது. நோய்க்குத் தப்பியும் சின்னச் சின்ன விபத்தில் போய்ச் சேர்ந்தவர்களை வரிசையாகச் சொல்வது. அதில் ஐந்தரை வயதுப் பையன் ஒருவன். அம்மா, அப்பா, தங்கை, அண்ணன் எல்லோரும் சில நாட்களுக்குள் போய்விட்டார்கள். பசித்தால் எதையாவது சாப்பிடுகிறான், சில நேரம் அழுகிறான், தெருத்தெருவாகத் திரிகிறான். கறுப்பு நிறக் காட்டுப்பழம் பறிக்கப் போன இடத்தில் பாழும் கிணற்றில் விழுந்துவிடுகிறான். உடனே சாகவில்லை. கூப்பிட்டால் கேட்க அந்த ஊரில் யாரும் இல்லை.

அதற்கு முன்னால் அவன் கதையில் இல்லை, அப்புறமும் யாரும் அவனை நினைப்பதில்லை. சுமார் ஒரு பக்கம். கதைக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. என் அளவுகோல்படி முதலில் போக வேண்டிய பக்கம் அது. நான் கோடு போட்டேன். அந்த மினிட்ஸ் நண்பர் போடவில்லை. மூன்றாமவர்தான் எங்களில் கடுமையான வெட்டுக்காரர், பச்சைப் பென்சில். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் கோடு போட்டவர்.

அந்தப் பக்கத்தில் அவர் பச்சைக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. பிறகு ரப்பர் வைத்து அழித்திருக்கிறார். வண்ணப் பென்சில் சரியாக அழியாது. அழுத்தித் தேய்த்ததில் தாள் அங்கே மட்டும் பஞ்சு போல எழும்பி நிற்கிறது. ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன். "விடுங்க, அத மட்டும் வெச்சுக்கலாம்" என்றார்.