ஒரு ஜன்னல், ஒரு மேசை, இரண்டு பேர்: குறும்படக் காட்சி எடுக்கலாம் வாங்க

[திரையில்: ஜன்னலோரம் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

அண்ணன் வீட்டைவிட்டுப் போகப்போவதாகச் சொல்கிறான். தங்கை கையிலிருந்த தம்ளரை மேசையில் வைக்கிறாள். இரண்டு பக்க வசனம். உங்களிடம் இருப்பது ஒரு போன், மூன்று நண்பர்கள், வெளிச்சம் மங்கும்வரை சில மணி நேரம்.

முதலில் ஸ்கிரிப்ட் வரிசையை மறந்துவிடுங்கள். அண்ணன் ஒரு வசனம், கேமராவைத் திருப்பு, தங்கை ஒரு வசனம், மறுபடி திருப்பு என்று போனால் பாதி நாள் திருப்புவதிலேயே போய்விடும். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதை வைத்து ஷாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் தெரிகிற மாஸ்டர் ஷாட்டில் முழுக் காட்சியையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, அப்புறம் தங்கை பக்கம் உள்ள எல்லாவற்றையும் முடியுங்கள்: சஜஷன் (எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலாகத் தெரியும் ஷாட்), க்ளோஸ்அப், தம்ளர். அதற்குப் பிறகுதான் அண்ணன் பக்கம். அழ வேண்டியவர் யாரோ, அவருடைய க்ளோஸ்அப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பத்தாவது டேக்கில் கண்ணீர் வற்றியிருக்கும்.

[திரையில்: மேசை மேலிருந்து தெரிகிறது. இருவருக்கும் நடுவே ஒரு கோடு]

இதுதான் 180 டிகிரி கோடு. கேமரா இதன் ஒரே பக்கம் இருக்கட்டும். தாண்டினால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். எடிட்டிங்கில் படத்தை இடவலமாகப் புரட்டிக்கொள்ளலாம் என்பார்கள். சட்டைப் பை வலப்பக்கம் போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜன்னல்தான் உங்கள் பெரிய லைட். வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். மறுகன்னம் இருண்டால் ஒரு வெள்ளைத் தெர்மோகோலைப் பிடித்தால் போதும். போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். இல்லையென்றால் நடிகர் கையை அசைக்கும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி. சரி, அவ்வளவுதான் டெக்னிக்கல்.

நடிப்புக்கு வருவோம். "இன்னும் சோகமாக" என்று சொல்லவே சொல்லாதீர்கள். உடனே புருவம் சுருங்கும், குரல் இழுக்கும், வேறொன்றும் நடக்காது. செய்வதற்கு ஏதாவது கொடுங்கள். "அவன் முகத்தைப் பார்க்காமல் தம்ளரின் ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே இரு. 'போறேன்' என்றதும் விரல் நிற்கட்டும்." சோகம் தானாக வந்துவிடும். எந்த வார்த்தையில் தம்ளர் மேசையைத் தொட்டது, எந்தக் கையில் இருந்தது என்பதை ஒருவர் எழுதிவைக்க வேண்டும். மாஸ்டரில் வலது கை, க்ளோஸ்அப்பில் இடது கை என்றால் இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது.

ஒலியில் நான் பட்ட பாடு ஒன்று. முதல் குறும்படத்தில் ஃபிரிட்ஜை நிறுத்த மறந்துவிட்டேன். அழுகைக் காட்சியில் ஒரு ஷாட்டில் உறுமல், அடுத்த ஷாட்டில் அமைதி, மறுபடி உறுமல். ஆகவே ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. இன்னொரு போனை ஃபிரேமுக்கு வெளியே, பேசுபவருக்குப் பக்கத்தில் வைத்து ஒலியைப் பதியுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைதட்டல், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த.

[திரையில்: எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள்]

கடைசி ஷாட் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். 30 வினாடி, யாரும் பேசாமல், வெறும் அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைக்க எடிட்டர் அதைத்தான் தேடுவார்.

அப்புறம் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள்.